பாட்டுக்கும் பந்தி விசாரிக்க வேண்டும்: மூன்று தலைமுறை கூடும் விருந்துக்குப் பாட்டுத் தேர்ந்தெடுப்பது எப்படி?

என் அப்பாவின் மணிவிழா திருச்சியில் நடந்தது. காலையில் நாதஸ்வரம், கலசம், அபிஷேகம் எல்லாம் முறைப்படி முடிந்தன. மாலையில் ஒரு சிறிய மண்டபத்தில் நூற்றுமுப்பது பேருக்கு விருந்து. பாட்டுப் பொறுப்பு என்னுடையது. எனக்குப் பிடித்த நாற்பது பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து, இரண்டு இரவு உட்கார்ந்து வரிசைப்படுத்தினேன். ஒவ்வொன்றும் நல்ல பாட்டு; இப்போது கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் எட்டு மணி வாக்கில் பெரியப்பா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார். அவரைப் பார்த்து இன்னும் நான்கு பேர் எழுந்து போனார்கள். யாரும் குறை சொல்லவில்லை. கிளம்பும்போது பெரியப்பா அம்மாவிடம் மட்டும், “சாப்பாடு பிரமாதம். பாட்டுத்தான் எங்கள் இலைக்கு வரவில்லை” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். நம் வீட்டு விசேஷங்களில் பரிமாறுபவர்கள் பத்துப் பேர் இருந்தாலும், கையில் எதுவும் இல்லாமல் வரிசைக்கு வரிசை நடந்து பந்தி விசாரிக்க ஒருவர் இருப்பார். “அப்பளம் வந்ததா, ரசம் போடச் சொல்லட்டுமா, பாட்டிக்குக் குழைவாகச் சாதம் கொடுங்கள்” என்று இலையைப் பார்த்து, முகத்தைப் பார்த்துச் சொல்வார். சமையல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவர் இல்லாத பந்தி குறைபட்ட பந்திதான். பாட்டுக்கும் அப்படி ஓர் ஆள் வேண்டும். முதல் முறையாக அந்த ஆளாக நிற்கப்போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மணிவிழா, முதல் பிறந்தநாள், புதுமனைப் புகுவிழா, பணி ஓய்வு விருந்து எதுவானாலும், தாத்தாவும் பேரனும் அலுவலக நண்பரும் ஒரே கூரையின் கீழ் உட்காரும் மாலை என்றால் வழி ஏறக்குறைய ஒன்றுதான்.

பாட்டுப் பட்டியலுக்கு முன் விருந்தினர் பட்டியல்

முதல் நாள் ஒரு பாட்டைக்கூடத் தேடாதீர்கள். அழைப்பிதழ் கொடுத்தவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் தோராயமான பிறந்த ஆண்டை எழுதுங்கள். அதோடு பதினைந்தைக் கூட்டினால் ஓர் ஆண்டு கிடைக்கும். இருபத்தைந்தைக் கூட்டினால் இன்னோர் ஆண்டு. அந்த இரண்டுக்கும் நடுவில் வந்த பாட்டுகள்தான் அவருடைய பாட்டுகள். ஏறக்குறைய பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நடந்தவையே பிற்காலத்தில் அதிகமாக நினைவுக்கு வருகின்றன என்பதை நினைவாற்றலை ஆராயும் உளவியலாளர்கள் மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறார்கள். பாட்டில் அது இன்னும் அழுத்தமாகத் தெரியும். கல்லூரிக்குப் போன பஸ்ஸில் கேட்டதை அறுபது வயதிலும் மறப்பதில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் நம் வீடுகளில் நான்கு கூட்டம் தேறும். 1940-களில் பிறந்தவர்களுக்கு விஸ்வநாதன்–ராமமூர்த்தி, கே.வி. மகாதேவன், குரலுக்கு டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பி.பி. ஸ்ரீநிவாஸும். இவர்கள் இலங்கை வானொலியில் பாட்டுக் கேட்டவர்கள். அறிவிப்பாளரின் குரலைக்கூட இன்னும் நினைவில் வைத்திருப்பார்கள். 1960-களில் பிறந்தவர்களுக்கு இளையராஜா. அவர் 1976-இல் வந்தபோது இவர்கள் பள்ளிப் பிள்ளைகள், 1980-களில் இளைஞர்கள். எண்ணிக்கையில் பார்த்தால் இன்றைய குடும்ப விருந்துகளில் இவர்கள்தான் அதிகம். அடுத்து 1980-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள்: 1992-இல் வந்த ரஹ்மான், தேவாவின் கானா, பிறகு யுவன், ஹாரிஸ் ஜெயராஜ். கடைசியாக 2000-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். 2012-இல் அறிமுகமான அனிருத்தும் சந்தோஷ் நாராயணனும் இவர்களுடைய காலம்.

குழந்தைகளுக்குத் தனிக் கூட்டம் வேண்டாம். இந்த மாதம் எது ஒலிக்கிறதோ அதுதான் அவர்கள் பாட்டு. அண்ணன், அக்காவிடம் கேட்டால் போதும்.

தலைகளை எண்ணி, அந்த விகிதத்துக்கே பாட்டையும் பங்கிட்டுவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். எண்பது வயதைத் தொட்டவர்கள் நூற்றுமுப்பதில் ஏழு பேர்தான் என்றால், விகிதப்படி அவர்களுக்கு இரண்டு பாட்டுதான் வரும். ஏழு பேராக இருந்தாலும் ஆறு பாட்டுக் கொடுங்கள். அவர்கள் இன்னும் எத்தனை விசேஷங்களுக்கு வருவார்கள் என்று நமக்குத் தெரியாது.

கேட்கும் விதத்தில் இருக்கிறது

வாட்ஸ்அப்பில் “உங்களுக்குப் பிடித்த பாட்டுச் சொல்லுங்கள்” என்று போட்டால் இளைஞர்கள் ஆளுக்குப் பதினைந்து அனுப்புவார்கள். பெரியவர்கள், “எதுவானாலும் சரி, உங்கள் இஷ்டம்” என்று முடித்துவிடுவார்கள். அது அடக்கம், விருப்பமின்மை அல்ல. ஆகவே இளையவர்களிடம் “ஒரு வீட்டுக்கு ஒரு பாட்டு” என்று வரம்பு சொல்லிவிடுங்கள். பெரியவர்களைத் தொலைபேசியில் அழையுங்கள். பிடித்த பாட்டு எது என்று கேட்காமல், “கல்யாணமான புதிதில் ரேடியோவில் எந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அத்தை?” என்று கேளுங்கள். பதில் வரும். பாட்டோடு கூடவே பத்து நிமிடக் கதையும் வரும். அந்தக் கதையைக் குறித்துக்கொள்ளுங்கள். அது பிறகு உதவும்.

என் அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. ஒரு முறை நான் இப்படிக் கேட்டு வாங்கிய பாட்டை, அவர் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் போட்டேன். புல்லாங்குழலில் தொடங்கும் முன்னிசை. பாடகியின் குரல் வருவதற்கு முன்பே அத்தையின் கை நின்றது. ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, எவர்சில்வர் டம்ளரின் விளிம்பில் இரண்டு விரலால் தாளம் போடத் தொடங்கினார். எதிரில் உட்கார்ந்திருந்த சித்தப்பா மகள், “இது உங்கள் பாட்டா அத்தை?” என்றாள். “எங்கள் தெருமுனை டீக்கடைப் பாட்டு” என்றார் அத்தை. அதன் பிறகு அந்த மேஜையில் இருந்த எல்லோருக்கும் அவருடைய பத்தொன்பதாவது வயது தெரிந்துவிட்டது. மூன்று நிமிடப் பாட்டு அது. அந்த மாலையில் எனக்கு அதைவிட நிறைவான நேரம் வேறில்லை.

கேசட் பக்கம் என்ற அளவு

1980-களிலும் 1990-களிலும் நம் ஊர்களில் கேசட் பதிவு செய்து தரும் கடைகள் இருந்தன. ஒரு வெள்ளைத்தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுத்தால், அறுபது நிமிடக் கேசட்டில் பதிந்து தருவார்கள். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம், ஆறேழு பாட்டு. இடம் குறைவு என்பதால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எதற்குப் பின் எது என்று நாள் கணக்கில் யோசிப்போம். அந்தச் சிக்கனம் இன்றும் நல்ல பழக்கம். முந்நூறு பாட்டுகளை அள்ளிப் போட்டு, கலைத்துப் போடும் பொத்தானை அழுத்திவிட்டு ஒதுங்குவது பரிமாறுவது ஆகாது.

மாலை ஆறரையிலிருந்து பத்து மணி வரை விருந்து என்றால் ஏழு பக்கங்கள். பேச்சு, மாலை மரியாதை, கேக் வெட்டுதல் ஆகியவற்றில் ஒரு பக்க அளவு நேரம் அங்கங்கே கரைந்துவிடும். மீதி ஆறு பக்க அளவுக்கு நாற்பது பாட்டு. கையிருப்பாக இன்னும் பதினைந்து. பழைய பாட்டுகள் பெரும்பாலும் மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தக் காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் அடங்கும். ஆகவே பழைய பாட்டுப் பக்கத்தில் எட்டு பாட்டுகள் வரை போகும்.

இனி வரிசை. இங்கேதான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள்.

விருந்தினர் வரத்தொடங்கும் முதல் அரைமணியில் வாத்திய இசையே போதும். வீணை, புல்லாங்குழல், வயலின் எதுவானாலும் சரி. நாதஸ்வரப் பதிவு என்றால் ஒலியை நன்றாகக் குறைத்து வையுங்கள். திறந்த வெளிக்காகப் பிறந்த கருவி அது, மூடிய அறையில் கதவோரம் நிற்பவரைப் பேசவிடாது. எங்கள் பக்கத்தில் மைக் செட்காரர்கள் முதலில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய பிள்ளையார் பாட்டைத்தான் போடுவார்கள். உங்கள் வீட்டு வழக்கம் அதுவானால் அப்படியே தொடங்குங்கள். பல மதத்து நண்பர்கள் வரும் விருந்தில் பக்திப் பாட்டை அந்த ஒன்றோடு நிறுத்திக்கொள்வது என் பழக்கம்.

இரண்டாவது பக்கம் மூத்தவர்களுக்கு. அவர்கள் நேரத்துக்கு வந்துவிடுவார்கள். முதல் பந்தியில் சாப்பிட்டு, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு ஒன்பது மணிக்குள் கிளம்பியும் விடுவார்கள். பழைய பாட்டுகளை ஒன்பதரைக்கு வைத்திருந்தால், யாருக்காக எடுத்தீர்களோ அவர் அப்போது வீட்டில் மாத்திரை போட்டுக்கொண்டிருப்பார். அப்பாவின் மணிவிழாவில் நான் செய்த பிழையில் பாதி இதுதான். பெரியப்பாவின் பாட்டுகள் பட்டியலில் மூன்று இருந்தன. மூன்றும் கடைசியில் இருந்தன.

மூன்றாவது பக்கம் குழந்தைகளுக்கு. ஏழரை முதல் எட்டு மணி வரை அவர்களை ஆடவிடுங்கள். எட்டரைக்கு மேல் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், மீதிப் பேர் அழுவார்கள்.

அடுத்த இரண்டு பக்கங்கள் சாப்பாட்டு நேரம். 1980-களின் மெல்லிசை இதற்கென்றே அமைந்தது போல இருக்கும். தாத்தாவுக்கும் அது அந்நியமில்லை. இருபது வயதுப் பெண்ணும் அந்தப் பாட்டுகளைக் கைப்பேசியில் கேட்டு வரி பிசகாமல் பாடுகிறாள். இரண்டு தலைமுறையும் முழுதாகப் பாடக்கூடிய இப்படிப்பட்ட பாட்டுகளை நான் பாலப் பாட்டுகள் என்று அழைக்கிறேன். ஒரு தலைமுறையின் பாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில் எல்லாம் ஒரு பாலப் பாட்டை வையுங்கள். கையிருப்புப் பதினைந்தில் குறைந்தது எட்டு பாலப் பாட்டுகளாக இருக்கட்டும்.

ஆட்டம் கடைசி இரண்டு பக்கங்களில். எடுத்த எடுப்பில் குத்துப்பாட்டுப் போட்டால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். கூச்சம் கலைய நேரம் வேண்டும். இதற்கு ஒரு கணக்கு உண்டு. பாட்டோடு சேர்ந்து பதினைந்து விநாடி கை தட்டி எண்ணுங்கள், நான்கால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு எழுபது முதல் தொண்ணூறு தட்டு என்றால் சாப்பாட்டுப் பாட்டு. நூறைத் தாண்டினால் கால் அசையும். நூற்றிருபதுக்கு மேல் ஆட்டம். எண்பதிலிருந்து நூற்றிருபதுக்கு ஒரே தாவலாகப் போகாமல், பாட்டுக்குப் பாட்டு பத்து, பதினைந்து என்று ஏற்றுங்கள். நான்காவது பாட்டில் ஒருவர் எழுந்திருப்பார், ஐந்தாவதில் பத்துப் பேர். உச்சத்தில் மூன்று பாட்டுக்கு மேல் நிறுத்தி வைக்க வேண்டாம். ஒரு படி இறக்கி மூச்சு வாங்கவிட்டு மறுபடி ஏற்றுங்கள். ஆடுபவர்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களும் இருப்பார்கள்.

எல்.ஆர். ஈஸ்வரியின் துள்ளல் பாட்டு ஒன்றை ஆட்டப் பக்கத்தின் தொடக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிளம்பத் தயாராக நின்ற பாட்டிகளில் இருவராவது செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள்.

எதை விட வேண்டும்

இதைத் தயங்காமல் செய்ய வேண்டும். நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: இரண்டாவது சரணம் வரை வரிகளைப் படிக்காத பாட்டைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. மெட்டு இனிமையாக இருக்கும், வரிகள் பிரிவையும் சாவையும் சொல்லும். தமிழ் தெரிந்த கூட்டத்தில் அது உடனே உறைக்கும். நண்பர் வீட்டுக் கல்யாண வரவேற்பு ஒன்றில், மணமக்கள் மேடை ஏறிய நேரத்தில், கணவனை இழந்த பெண் பாடும் பாட்டு ஒலித்தது. மெல்லிய, அழகான மெட்டு. மணப்பெண்ணின் பாட்டியின் முகம் மாறியதை நான் அருகிலிருந்து பார்த்தேன். போட்ட பையனுக்கு மெட்டு மட்டும்தான் தெரிந்திருந்தது.

டி.எம். சௌந்தரராஜனின் தத்துவப் பாட்டுகள் சிலவற்றைப் பல ஊர்களில் இழவு வீட்டில் ஒலிபரப்புவார்கள். பாட்டு எவ்வளவு உயர்ந்ததானாலும் விருந்தில் வேண்டாம். எந்தப் பாட்டுக்கு அந்த வாடை இருக்கிறது என்பதை அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊருக்கு ஊர் மாறும்.

சாதிப் பெருமை பேசும் பாட்டுகளை முற்றிலும் விலக்குங்கள். நேரடியாகச் சாதிப் பெயர் இல்லாமல், ஒரு வட்டாரத்தில் ஒரு சாதியின் கொடி போல ஆகிவிட்ட சினிமாப் பாட்டுகளும் உண்டு. வெளியூர்க்காரருக்கு அது தெரியாது. உள்ளூரில் எல்லோருக்கும் தெரியும். ஒரே ஒரு பாட்டால் திருவிழாவிலும் கல்யாணத்திலும் அடிதடி நடந்த ஊர்கள் நம்மிடம் இருக்கின்றன. யாராவது வந்து “அந்தப் பாட்டைப் போடு” என்று மிரட்டும் குரலில் கேட்டாலும் போடாதீர்கள். கட்சிப் பாட்டுகளுக்கும் இதே விதி.

இரட்டை அர்த்தப் பாட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் காதலில் தோற்றவன் பெண்களைத் திட்டும் பாட்டுகள் இளைஞர்களின் பட்டியலில் அடிக்கடி வந்துவிடும். நான் அவற்றை எடுத்துவிடுவேன். அந்தக் கூடத்தில் பாதிப் பேர் பெண்கள். விருந்துக்கு வந்தவர்களைத் திட்டி வரவேற்பதில் எனக்குச் சம்மதமில்லை. குடிப் பாட்டுகளிலும் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். அந்தப் பழக்கத்திலிருந்து மீண்டுகொண்டிருக்கும் ஒருவர் எந்தக் குடும்பத்திலும் இருக்கலாம்.

கடைசியாக ஒன்று. சமீபத்தில் ஒருவரை இழந்த வீட்டார் வருகிறார்கள் என்றால், மறைந்தவருக்குப் பிடித்த பாட்டு உங்கள் பட்டியலில் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். சிலர் அதைக் கேட்க ஆசைப்படுவார்கள், சிலரால் தாங்க முடியாது. நீங்களாகவே முடிவு செய்யாதீர்கள்.

தமிழ் தெரியாத விருந்தினர்

அலுவலக நண்பர்கள் ஆந்திராவிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வடக்கேயிருந்தும் வருவார்கள். அவர்களுக்கென்று இந்திப் பாட்டு இரண்டைச் சொருகினால் மற்றவர்கள் விலகுவார்கள். அதைவிட நல்ல வழி, பல மொழிகளில் வெளிவந்த ஒரே மெட்டைத் தேடுவது. ரஹ்மானின் முதல் படத்துப் பாட்டுகள் தமிழிலும் இந்தியிலும் தெலுங்கிலும் ஒலித்தவை. இளையராஜாவின் மெட்டுகள் பலவும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அப்படியே வழங்குகின்றன. தமிழில் போட்டாலும் அவர்கள் தங்கள் மொழியில் கூடவே பாடுவார்கள். எஸ்.பி. பாலசுப்ரமணியம், ஜேசுதாஸ், எஸ். ஜானகி, சித்ரா ஆகியோரின் குரல் தெற்கே எந்த மாநிலத்தவருக்கும் சொந்தக் குரல். ஹைதராபாத் நண்பர் ஒருவர் தன் மனைவியோடு இப்படி ஒரு பாட்டைத் தெலுங்கிலும், பக்கத்து மேஜைக்காரர்கள் தமிழிலும் ஒரே நேரத்தில் பாடியதை நான் கேட்டிருக்கிறேன். பல்லவி முடியும் இடத்தில் இரு பக்கமும் ஒன்றாக வந்து சேர்ந்தது.

ஸ்பீக்கரும் பென் டிரைவும்

நாற்பது பேர் வரை உள்ள வீட்டு மாடிக்குப் பெரிய புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று போதும். மண்டபம் என்றால் மைக் செட்காரரை அமர்த்துங்கள். ஒரு நாள் முன்னதாகவே அவரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். பாட்டுகளைப் பென் டிரைவில் எம்பி3 கோப்புகளாகக் கொடுப்பதானால், கோப்புப் பெயருக்கு முன்னால் 001, 002 என்று எண் போடுங்கள். எண் இல்லாவிட்டால் அகர வரிசையிலோ பதிவேற்றிய வரிசையிலோ ஓடி, இரண்டு இரவு யோசித்த வரிசை பாழாகிவிடும். பென் டிரைவை எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். பழைய கருவிகள் பல அதை மட்டும்தான் படிக்கும். இன்னொரு பென் டிரைவில் ஒரு நகல் உங்கள் பையில் இருக்கட்டும்.

கைப்பேசியிலிருந்து போடுவதானால் பாட்டுகளை முன்பே தரவிறக்கி வைத்து, விமானப் பயண நிலைக்கு மாற்றிவிட்டு, புளூடூத்தை மட்டும் திறந்து வையுங்கள். இல்லையென்றால் தாலாட்டு போன்ற ஒரு பாட்டின் நடுவில் உங்கள் அழைப்பு மணி மண்டபம் முழுவதும் அலறும். கட்டணம் செலுத்தாத செயலிகளில் இடையில் விளம்பரம் வரும். ஒரு மாதத்துக்கு மட்டுமாவது கட்டணம் செலுத்திவிடுங்கள்.

பழைய பாட்டுகள் பெரும்பாலும் மோனோ பதிவுகள், ஒலி தாழ்ந்திருக்கும். இன்றைய பாட்டுகள் மிக உரத்துப் பதிவானவை. 1963-ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்று முடிந்து இவ்வாண்டுப் பாட்டு தொடங்கும்போது கூடமே தூக்கிவாரிப்போடும். செயலியின் அமைப்புகளில் ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதி இருந்தால் அதைத் திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் அந்த இடத்தில் கையை ஒலிக்கட்டுப்பாட்டின் மேல் வைத்திருங்கள்.

ஸ்பீக்கர்கள் ஆட்டக்களத்தைப் பார்த்திருக்க வேண்டும்; பெரியவர்களின் மேஜைகள் அவற்றுக்கு எதிர்மூலையில். வயதாகும்போது முதலில் குறைவது கூர்மையான ஒலிகளைக் கேட்கும் திறன். ச, ஸ போன்ற ஒலிகள் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. ஆகவே பெரியவர்களுக்குப் பேச்சு காதில் விழும், ஆனால் என்ன சொன்னார்கள் என்பது பிடிபடாது; பின்னால் பாட்டு உரத்து ஒலித்தால் அந்தக் கொஞ்சமும் போய்விடும். காதொலிக் கருவி வைத்திருப்பவருக்கு இது வேதனையாகவே இருக்கும். அப்பாவின் மணிவிழாவில் பெரியப்பா எழுந்து போனதற்கு இன்னொரு காரணம் ஸ்பீக்கர் அவர் தலைக்கு நேர் மேலே இருந்தது என்பதைப் பிற்பாடுதான் புகைப்படத்தில் பார்த்தேன்.

அளவு பார்க்கக் கருவி வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று, எதிரில் இருப்பவரிடம் சாதாரணக் குரலில் பேசுங்கள். அவர் முன்னால் குனிந்தால் பாட்டைக் குறைக்க வேண்டும். காலியான மண்டபத்தில் சரிபார்த்த அளவு, கூட்டம் நிறைந்ததும் போதாமல் போகும். உடல்களும் பட்டுப்புடவைகளும் ஒலியை உறிஞ்சும், பேச்சு இரைச்சலும் சேரும். அப்போது சிறிது ஏற்றலாம். மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் கொண்டுபோனால் கீச்சென்று கத்தும், வாழ்த்துரை வழங்குபவர் எப்போதும் ஸ்பீக்கருக்குப் பின்னால் நிற்கட்டும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி நூறு மீட்டர் அமைதி மண்டலமாக இருக்கலாம். மண்டபத்தைப் பதிவு செய்யும்போதே இதைக் கேளுங்கள். மொட்டைமாடி விருந்து என்றால் இரண்டு நாள் முன்பு அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய்ச் சொல்லிவிட்டு, அவர்களையும் சாப்பிட அழையுங்கள். காப்புரிமையைப் பொறுத்தவரை, திருமணத்தையும் அதையொட்டிய கொண்டாட்டங்களையும் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. பிறந்தநாளோ பணி ஓய்வு விருந்தோ ஹோட்டலில் நடக்கிறது என்றால், பாட்டு ஒலிபரப்ப அவர்களிடம் உரிமம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அன்று மாலை

பட்டியல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அன்று மாலை பந்தி விசாரிக்க வேண்டும். அரைமணிக்கு ஒரு முறை கூடத்தைச் சுற்றி நடந்து வாருங்கள். கால் விரல்களையும் உதடுகளையும் பாருங்கள். ஒரு மேஜையில் யாருமே எதற்கும் அசையவில்லை என்றால், அடுத்த பாட்டு அவர்களுடையதாக இருக்க வேண்டும். பட்டியலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம்.

வந்து கேட்பவர்களுக்கு “போடுகிறேன்” என்று சொன்னால் போட்டுவிடுங்கள். போட முடியாத பாட்டு என்றால் அதையும் அப்போதே மென்மையாகச் சொல்லிவிடுங்கள். ஒரு சிறு நோட்டில் கேட்டவர் பெயரையும் பாட்டையும் எழுதி, முடிந்ததும் கோடு போடுவேன். ஒரே ஆள் ஐந்து பாட்டு கேட்பதும், ஓரமாக நிற்கும் மன்னி ஒன்றும் கேட்காமல் இருப்பதும் அந்த நோட்டில்தான் தெரியும். மன்னியிடம் நீங்களாகப் போய்க் கேளுங்கள். சமையற்கட்டிலும் வாசலிலும் மாலை முழுக்க வேலை செய்கிறவர்களிடமும் ஒரு பாட்டுக் கேளுங்கள். அன்று பாத்திரம் கழுவிய அக்கா கேட்ட பாட்டுக்குத்தான் எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றில் அதிகம் பேர் ஆடினார்கள்.

பத்து மணிக்குப் பெரிய ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள். ஆனால் வேலை அதோடு முடிவதில்லை. நாற்காலிகளை அடுக்கவும் மிச்சச் சாதத்தைப் பாத்திரம் மாற்றவும் வீட்டார் பத்துப் பேர் இருப்பார்கள். கால் வலியோடு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மாலை முழுக்க ஒரு பாட்டையும் உட்கார்ந்து கேட்காதவர்கள் அவர்கள். அவர்களுக்கென்று ஒரு பக்கம் தனியாக எடுத்து வையுங்கள். கைப்பேசியிலேயே, தாழ்ந்த ஒலியில். போன மாதம் பெரியப்பா வீட்டு விசேஷம் முடிந்து நான் அப்படிப் போட்டபோது, அவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். மூன்றாவது பாட்டில், “இதை இன்னொரு தடவை போடு” என்றார்.